ஆல்ப்ஸ் மலையில் கார் ஓட்டியது யார்?

பிரணவ், எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. இந்த ஒரு வரியை எழுதுவதற்கு முன்னால் இரண்டு காபி குடித்து, கேரேஜைப் பெருக்கி, உன் அம்மா சொல்லாமலே ரீசைக்கிள் தொட்டியை வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். இன்று செவ்வாய்க்கிழமை. குப்பை வண்டி வருவது வெள்ளிக்கிழமை. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நமக்குத் தெரிந்த எந்தக் குடும்பத்தை வேண்டுமானாலும் கேட்டுப் பார், மியூனிக்கில் கார் எடுத்து ஆல்ப்ஸைத் தாண்டி வெனிஸ் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போன மனுஷன் என்று என்னைக் கைகாட்டுவார்கள். பதினோரு வருடமாக அந்தப் புகழில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வண்டி நகர்ந்ததில் என் பங்கு, சீட் பெல்ட் போட்டுக்கொண்டது மட்டும்தான். உனக்கு இது செய்தி இல்லை, நீ பின்சீட்டில் இருந்தாய். ஆனால் இதைப் படிக்கப் போவது நீ இல்லையே. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எட்டு வருடம் உட்கார்ந்தும் உனக்கு இரண்டு வரிக்கு மேல் மூச்சு வாங்கும். சென்னையில் படித்துவிட்டு டெக்சாஸுக்கு எம்.எஸ். வந்த நிவேதாதான் உனக்கு உரக்கப் படித்துக் காட்டியாக வேண்டும். அதற்காகவேதான் தமிழில் எழுதுகிறேன். நிவேதா, பாதியில் நிறுத்தாமல் படிம்மா. மிச்சத்தையும் கேட்டுவிட்டு இந்த வீட்டுக்கு ஏன் மருமகளாக வந்தோம் என்று நிதானமாக யோசிக்கலாம்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வோட்டெடுப்பு வைத்தாய். செப்டம்பரில் நாம் நாலு பேரும் ஐரோப்பா, பன்னிரண்டு நாள், ஐந்து ஊர். ஊருக்கு ஊர் போவது ரயிலிலா, பிளேனிலா, காரிலா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று பெரிய மேனேஜர் மாதிரி கெடு வேறு. அம்மா அதை மூன்று முறை படித்தாள், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். காரணம் உனக்குத் தெரியும். பதினாறு வயதில் எங்களோடு அந்த ஐரோப்பாப் பயணம் வந்தாய், அதற்கப்புறம் எங்களோடு எங்கேயும் வந்ததே இல்லை. ஒரு கோடையில் இன்டர்ன்ஷிப், இன்னொன்றில் ரூம்மேட் கல்யாணம், அடுத்ததில் சான் ஹோசேக்கு வீடு மாற்றுகிறாய். உன் காரணங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. இப்போது நீயாகக் கூப்பிடுகிறாய். நானும் சந்தோஷமாகக் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் கீழே நிவேதா எழுதியிருந்ததைப் பார்த்தேன். "கார்னா கவலையே இல்ல. ஆல்ப்ஸையே தனியா ஓட்டினவர் நம்ம அங்கிள்னு பிரணவ் சொல்லியிருக்கான்." காபி டம்ளரைக் கீழே வைத்தேன். எந்தப் பொய்க்காக உன்னை இருபது பேர் முன்னால் அவமானப்படுத்தினேனோ, அதே பொய்யை நீ ஒரு கீறல்கூட விழாமல் உன் பெண்டாட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறாய். அதனால்தான் வோட்டுப் போடாமல் கடிதம் எழுதுகிறேன். இந்தப் பயணம் எனக்கு வேண்டும். போன தடவை மாதிரி நானே அதைக் கெடுத்துவிடக் கூடாது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். யாரிடமும் ஆலோசனை கேட்காதே. இந்த நாட்டில் வீடு வாங்கிய தமிழன் ஒவ்வொருவனும் ஐரோப்பாவைப் பற்றி ஒரு எக்செல் வைத்திருக்கிறான். நமக்கு வாய்த்தது மூர்த்தி அங்கிளின் எக்செல். ஞாபகம் இருக்கும், ஏழு நிறத்தில் கட்டம் போட்டு, ஒன்பது நாளில் ஆறு ஊர். சால்ஸ்பர்க் கோட்டைக்கு ஒரு மணி பத்து நிமிஷம், ஒன்றுக்குப் போக ஐந்து நிமிஷம். 'டிரான்ஸ்போர்ட்' என்ற கட்டத்தில் 'கார், ஃபுல் ஃப்ரீடம்' என்று எழுதியிருந்தார். அவர் சொல்லும் ஃப்ரீடம் எது தெரியுமா? நினைத்த இடத்தில் நிறுத்தி, டிக்கியைத் திறந்து, புளியோதரை சாப்பிடுகிற சுதந்திரம். வெள்ளைக்காரன் நாட்டு மலை, ஏரி, கோட்டை எல்லாம் அவருக்குப் புளியோதரைக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை. சிரிக்காதே, நானும் அதே ஜாதிதான். அந்த எக்செல்லை ஒரு எழுத்து மாற்றாமல் காப்பியடித்து, அந்த ஐந்து நிமிஷத்தையும் சேர்த்துப் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுபோனவன் நான். ரைஸ் குக்கர் எடுத்துவந்தவனும் நான்தான். ஆளுக்கு இரண்டு பெட்டி அனுமதி என்று சொன்னதால் ஆறு பெட்டி. அனுமதித்ததை எடுத்துப் போகாமல் விட்டால் நஷ்டம் என்று நினைக்கிற புத்தி, இருபது வருடம் அமெரிக்காவில் இருந்தும் கரையாத புத்தி.

இனி கார். மியூனிக்கில் சாவியைக் கையில் கொடுத்ததும் நான் போய்க் கம்பீரமாக உட்கார்ந்தேன். கீழே குனிந்து பார்த்தால் மூன்று பெடல். ஊரில் எனக்கு ஸ்கூட்டர்தான். கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே நியூ ஜெர்சியில், ஒரு கடையின் பார்க்கிங்கில், இரண்டு பெடலில். உலகத்தில் இன்னும் கியர் வண்டி இருக்கும், அதையும் வாடகைக்குக் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. புக் செய்யும்போது கியர் என்று எழுதியிருந்ததாம், அம்மா பிறகு காட்டினாள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் நாலு நாள் ஆகும் என்றார்கள். எக்செல்லில் நாலு நாள் ஏது? ஐந்து நிமிஷம்தான் இருந்தது, அதுவும் வேறு காரியத்துக்கு. அப்போது அம்மா கைப்பையைத் திறந்து ஒரு இன்டர்நேஷனல் பெர்மிட்டை எடுத்தாள். எனக்கு எடுக்கப் போனபோது அவள் போட்டோ இரண்டு மிச்சம் இருந்ததால் தனக்கும் ஒன்று எடுத்து வைத்தாளாம். கல்யாணத்துக்கு முன்னால் திருச்சியில் டிரைவிங் ஸ்கூல் போனவள் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான், ஒரு தடவைகூட அதைப் பற்றி அவளிடம் கேட்டதில்லை. கவுன்ட்டரில் டிரைவர் பெயரை அவள் பெயருக்கு மாற்றினார்கள். நான் எழுந்து இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். பின்சீட்டில் நீ ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது ஆஸ்திரியா எல்லை வரைக்கும் ஓயவில்லை.

மலை ஏறும் வழியில் ஒரு டோல் வரிசை, நல்ல ஏற்றம், பின்னால் மூக்கை உரசும் லாரி. அம்மா ஹாஃப் கிளட்சில் வண்டியை ஒரு இஞ்ச் பின்னால் விடாமல் நிறுத்திவைத்திருந்தாள். அப்போதும் நான் மேப்பைப் பிடித்துக்கொண்டு "கொஞ்சம் ரைட்ல வா" என்று வழிகாட்டிக்கொண்டிருந்தேன். அந்த ரோட்டில் ரைட்டில் பள்ளம்தான். காரைப் பற்றி என் அபிப்பிராயம் இதுதான் பிரணவ். ஒரு குடும்பத்தையே ஒரே திசையில் பார்க்கவைத்து, ஒருவர் முதுகை இன்னொருவர் வெறித்து, ஆறு மணி நேரம் வழியைப் பற்றி மட்டுமே சண்டை போடவைக்கிற தகர டப்பா. இயற்கையை ரசிக்கலாம் என்கிறார்கள். ஓட்டுகிறவள் ரோட்டைப் பார்க்கிறாள், பக்கத்தில் இருக்கிறவன் ஃபோனைப் பார்க்கிறான், பின்னால் இருக்கிறவன் எப்போது இறங்கலாம் என்று பார்க்கிறான். ஊருக்குள் போனாலோ, ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கழுதை போவதற்காகப் போட்ட சந்து. வெரோனாவில் "உள்ளே போ, ஷார்ட் கட்" என்று நான்தான் சொன்னேன். அம்மா ஒரு பலகையைக் காட்டி, ஏதோ போகக் கூடாதுன்னு எழுதியிருக்கிற மாதிரி இருக்கே என்றாள். அதெல்லாம் லாரிக்கு என்றேன். இத்தாலியன் படித்த மாதிரி. கொஞ்ச தூரம் போய், வழி தப்பி, திரும்ப வந்து மறுபடி அதே சந்துக்குள் நுழைந்தோம்.

இதற்குப் பிறகு வருவதை நீ மறந்திருக்க மாட்டாய், நானும்தான். நாம் திரும்பி வந்து மூன்று வாரத்தில் மூர்த்தி வீட்டு பேஸ்மென்ட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடுகிற விருந்து. எல்லாரும் கையில் பேப்பர் தட்டோடு என்னைச் சுற்றி நிற்கிறார்கள். அந்த ஆல்ப்ஸ் ரோட்டில் யார் ஓட்டினது என்று மூர்த்தி கேட்டார். நான்தான், வேற யாரு என்றேன். அது பெரிய பொய்யாகவே தோன்றவில்லை, சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி, ஒரு வாசனைக்கு. மாடிப்படியில் நீ உட்கார்ந்திருந்தாய். நாங்கள் எத்தனையோ கெஞ்சியும் வராத தமிழ் அன்றைக்கு உன் வாயில் அழகாக வந்தது. "அம்மாதான் ஓட்டினாங்க. அப்பா மேப் பார்த்தார்." நான் சிரித்துவிட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆமாம்ப்பா மேப்தான் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பார்கள், அவ்வளவுதான். நான் சொன்னது, "இவனுக்கு இதே வேலை. சின்ன வயசுலேர்ந்தே வாயத் திறந்தா பொய்தான்." எல்லாரும் சிரித்தார்கள். மூர்த்தியின் மனைவி அம்மாவைப் பார்த்தாள். வடை ஆறிடும், எல்லாரும் எடுத்துக்குங்க என்றாள் அம்மா. நீ தட்டை அப்படியே படியில் வைத்துவிட்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாய். வீட்டுக்கு வரும் வழியில், ஆட்டோமேட்டிக் காரை நான் மிகத் திறமையாக ஓட்டிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரியில் இத்தாலியிலிருந்து அபராதக் கடிதம் வந்தது. வெரோனாவில் அந்தச் சந்து உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமாம், வாசலில் கேமரா. இரண்டு தடவை நுழைந்ததற்கு இரண்டு கடிதம். மேலே டிரைவர் என்று போட்டு அம்மாவின் முழுப் பெயர், அவள் அப்பா பெயரோடு. மெயில்பாக்ஸிலிருந்து அதை எடுத்து வந்தவன் நீ. பிரித்துப் பார்த்துவிட்டு, டைனிங் டேபிளில் என் காபி டம்ளருக்குப் பக்கத்தில், பெயர் தெரிகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனாய். அன்று சாயங்காலம் உன்னிடம் வந்து பேச வேண்டும் என்று நினைத்தேன். வந்து, ஹோம்வொர்க் முடிச்சியா என்று கேட்டுவிட்டுப் போனேன். பதினோரு வருடமாக அதே மாதிரி ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட்டுப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கார் இன்ஷூரன்ஸ் கட்டிட்டியா, டாக்ஸ் ஃபைல் பண்ணிட்டியா, சான் ஹோசேல மழையா. இருபது பேர் முன்னால் சொன்னதை இப்போது இரண்டு பேர் முன்னால் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், கணக்கு சரியாக இல்லை என்று எனக்கே தெரிகிறது. நீ பொய் சொல்லவில்லை. அந்த பேஸ்மென்ட்டில் பொய் சொன்னது நான் ஒருவன்தான். என்னை மன்னித்துவிடு கண்ணா. நிவேதா, இந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படித்துவிடும்மா, அவன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறான்.

போகட்டும், பிளேனுக்கு வருவோம். உன் மெசேஜில் 'சீப் அண்ட் ஃபாஸ்ட்' என்று எழுதியிருக்கிறாய். ரோமிலிருந்து பாரிஸுக்கு நாம் போனதை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. பறந்தது இரண்டு மணி நேரம். அதற்காக நாம் செலவழித்தது ஒரு பகல் முழுக்க. இறக்கிவிட்ட இடத்துக்குப் பெயர் மட்டும்தான் பாரிஸ், மெட்ராஸ் என்று டிக்கெட் விற்றுத் திண்டிவனத்தில் தள்ளிவிடுகிற மாதிரி. அந்தக் கம்பெனிகள் மனுஷனை ஏற்றுவதே பெட்டியை அளப்பதற்காகத்தான். கம்பிக் கூண்டு ஒன்று வைத்திருப்பார்கள், அதற்குள் உன் பை இறங்கவில்லை என்றால் நீ குற்றவாளி. நம் ரைஸ் குக்கர் இறங்கவில்லை. அதனால் குக்கரைக் கையில் எடுத்துக்கொண்டு, பையில் இருந்த சட்டைகளை நான் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன். ஜூலை மாதம், ரோம், மூன்று சட்டை, ஒரு ஜாக்கெட், ஜாக்கெட் பையில் இட்லிப் பொடி. செக்யூரிட்டியில் அந்தப் பொடியைப் பிரித்து, ஒரு பெண் முகர்ந்து பார்த்து, அடுத்த பெண்ணைக் கூப்பிட்டு முகரச் சொல்லி, இரண்டு பேரும் தும்மினார்கள். நீ பத்தடி தள்ளி நின்று எங்களைத் தெரியாதவன் மாதிரி விளம்பரப் பலகை படித்துக்கொண்டிருந்தாய். உன்னைக் குறை சொல்ல மாட்டேன், முடிந்திருந்தால் நானும் அந்தப் பலகைக்குத்தான் போயிருப்பேன். உள்ளே மூன்று பேருக்கும் மூன்று வரிசையில் சீட். பக்கத்தில் உட்கார வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டுமாம். ஒரு குடும்பத்தைப் பிரித்து வைப்பதுதான் அவர்கள் தொழில், பறப்பது உபரி.

ரயிலைப் பற்றி உயர்வாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. ஐரோப்பிய ரயிலைப் பற்றி உருகுகிறவர்கள் எல்லாரும் ஒரு முதுகுப்பையோடு போனவர்கள். ஆறு பெட்டியோடு போய்ப் பார்க்கட்டும். பிளாட்பாரம் எது என்பதைக் கடைசிப் பத்து நிமிஷம்வரை ராணுவ ரகசியமாக வைத்திருந்துவிட்டு, பலகையில் காட்டியதும் முந்நூறு பேர் ஒரே பக்கம் ஓடுவார்கள். பெட்டிக்கு இடம் கதவுக்குப் பக்கத்தில், நமக்கு சீட் நடுவில். அதனால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அம்மா எழுந்து நின்று எட்டிப் பார்த்து, ஆறும் இருக்கிறதா என்று எண்ணினாள். டிக்கெட் பார்க்க வந்தவன் முகத்தில், நம் குக்கரைப் பார்த்ததும், தன் நாட்டு நாகரிகமே முடிந்துவிட்டது என்பது மாதிரி ஒரு துக்கம். இத்தனையும் சொல்லிவிட்டு, என் வோட்டு ரயிலுக்குத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

வெனிஸில் காரை ஒப்படைத்துவிட்டு ஃப்ளாரன்ஸுக்கு ரயில் ஏறினோம், ஞாபகம் இருக்கிறதா. எதிரும் புதிருமாக நாலு சீட், நடுவில் ஒரு சின்ன மேஜை. நான் ஜன்னலோரம், கழுத்தைச் சுற்றி விமானநிலையத்தில் வாங்கிய அந்த ஊதாத் தலையணை. நீ எனக்கு நேர் எதிரில். உன் ஃபோனில் சார்ஜ் இல்லை. ஹெட்போனும் பெட்டிக்குள் போய்விட்டது. நாலு நாளாக, நாலு நாள் என்ன, பத்து மாதமாக எதிரில் உட்காராத பையன் எதிரில் உட்கார்ந்திருந்தாய். மேஜையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வைத்து உடைத்துக்கொண்டே, நீயாகப் பேச ஆரம்பித்தாய். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே லஞ்சுக்கு கஃபட்டீரியா போவதில்லை, லைப்ரரியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றாய். கூட இருந்த இரண்டு பேரும் ஊர் மாறிப் போய்விட்டார்கள், புதிதாக ஒரு மேஜையில் போய் உட்காரத் தெரியவில்லை என்றாய். டாக்டராகப் போக இஷ்டமில்லை, அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றாய். அதுவரைக்கும் நீ தினமும் லஞ்ச் பாக்ஸைக் காலியாகக் கொண்டுவருவதால் ஸ்கூலில் ராஜாவாக இருக்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் நீ என்னிடம் மனம் விட்டுச் சொன்னது அது ஒன்றுதான். மூன்று வாரம் கழித்து பேஸ்மென்ட்டில் நான் அதற்குச் செய்த பதில் மரியாதை உனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த இரண்டு மணி நேரத்தை நான் விடவில்லை. ஆபீஸில் யாராவது தன் பிள்ளை தன்னிடம் பேசுவதில்லை என்று சொன்னால், எதிர் சீட் உள்ள ரயிலில் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்கிறேன். டாக்டருக்குப் படி என்று அப்புறம் நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லாததற்கும் அந்த ரயில்தான் காரணம்.

ஆகவே நாலு சீட், நடுவில் மேஜை, எதிரும் புதிருமாக. ஆளுக்கு ஒரு பெட்டி, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. குக்கர் வீட்டில் இருக்கும், சத்தியம். பிளான் போடுவது நிவேதா. மூர்த்தியின் எக்செல் இப்போது ஒன்பது நிறத்தில் இருப்பதாகக் கேள்வி, அது நம் குழுவுக்குள் வந்தால் நான் குழுவை விட்டுப் போய்விடுவேன். நீங்கள் இரண்டு பேரும் எங்கேயாவது ஒரு நாள் மலைப்பக்கம் கார் எடுத்தே ஆக வேண்டும் என்றால், கியர் வண்டியாகவே எடுங்கள், ஓட்டுகிறவர் யார் என்று கவுன்ட்டரில் நானே கைகாட்டுகிறேன். மூர்த்தியிடமும் சொல்லிவிட்டேன், போன ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டுக்கே போய். "அப்பவே தெரியும் சார், நீங்க பார்க்கிங்கில ரிவர்ஸ் எடுக்கிறதப் பார்த்திருக்கோமே" என்றார். பதினோரு வருடமாக அந்தப் பொய்யை நம்பியது நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

எழுத்துப் பிழை பார்ப்பதற்காக இதை அம்மாவிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். வெரோனா வரும் இடத்தில் சிரித்தாள், பேஸ்மென்ட் வரும் இடத்தில் சிரிக்கவில்லை. படித்து முடித்துக் காகிதங்களை அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போகிற போக்கில் சொன்னாள். "எல்லாம் சரிதான். அந்த ரயில்ல மட்டும், வண்டி கிளம்பினதுமே நீங்க தூங்கிட்டீங்க. அவன் சொன்னதெல்லாம் எங்கிட்ட. ராத்திரி ரூமுக்கு வந்து நான்தான் உங்களுக்குச் சொன்னேன்."

கழுத்தில் தலையணை போட்டிருந்தது நான்தான், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.